இந்த ஏரித் தண்ணீர் எங்கே போகிறது? ஏற்காட்டில் ஒரு பாட்டி கேட்ட கேள்வி

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரு கோபத்தைக் கொட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கப் போகிறேன். போன மேட்டூர் வீடியோவில் அடுத்தது ஏற்காடு என்று சொன்னேன் இல்லையா, அதற்கு எத்தனை பேர் ஒரே பதிலை எழுதியிருக்கிறீர்கள்! "ஏற்காட்டில் ஏரியைத் தவிர ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் போதும்." ஒரு மணி நேரமா? ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று அந்த ஊருக்குப் பெயரே வந்தது. அதை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்க முடியும் என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதனால் இந்த முறை லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று மலையிலிருந்து கீழே பார்க்கிற இடங்கள் எதற்கும் போகவில்லை. காலை முழுவதும் ஏரிக்கு மட்டும்தான்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகள். எனக்குத் தலைசுற்றும் என்று பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டேன். இந்த முறை ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் மலைக்கு வண்டியில் போக இணையத்தில் வாங்குகிற அனுமதி, அதாவது இ-பாஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்தது. நான் போனபோது ஏற்காட்டுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கியபோது ஏரியே இல்லை! வெள்ளை வெளேரென்று மூடுபனி. வேலிக்கம்பி தெரிகிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் மட்டும் வருகிறது. எனக்கு இந்த நேரம்தான் உயிர். பனி மெல்ல விலகும்போது முதலில் எதிர்க்கரை மரங்களின் உச்சி தெரிந்தது, பிறகு படகுகளின் வரிசை, கடைசியாகத்தான் தண்ணீர். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே இருபது நிமிடம் நின்றேன். பத்து மணிக்கு மேல் வேனில் வந்து இறங்கி, பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு, வேலியில் சிப்ஸ் பாக்கெட்டைச் செருகிவிட்டுப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. அந்தப் பாக்கெட் காற்றில் பறந்து தண்ணீரில்தான் விழுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, படகு விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் படகு எனக்குப் பிடிக்காது, அந்த இரைச்சலில் ஒரு பறவைச் சத்தம்கூடக் கேட்காது. பெடல் படகுதான் வேண்டும் என்று போய் நின்றேன். "ஒரே ஆளா? துணைக்கு யாராவது இருந்தா வாங்கம்மா" என்றார் படகுக்காரர். தனியாக ஊர் சுற்றுகிற எனக்குத் துணைக்கு எங்கே போவது? முகம் வாடிப்போய்த் திரும்பினேன். பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் மோட்டார் படகில் போய்விட்டார்கள், இவர் பயந்து கரையிலேயே இருந்துவிட்டார். "என்ன கண்ணு, ஏத்த மாட்டேங்கறாங்களா? நான் வரட்டுமா?" என்றார். "உங்களுக்குப் பயமில்லையா பாட்டி?" என்று கேட்டேன். "அந்த டர்ரு புர்ரு சத்தந்தான் பயம். மிதிக்கறதுல என்ன பயம்?"

சொல்ல மறந்துவிட்டேன், பாட்டிக்கு ஆத்தூர் பக்கம். பிறந்ததிலிருந்து கீழேயிருந்து மலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஏற்காட்டுக்கு மேலே வருவது இதுதான் முதல் தடவையாம்.

லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏறினோம். அடுத்த பத்து நிமிடம் படகு நின்ற இடத்தில்தான் நின்றது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கிறது, படகின் பின்னால் தண்ணீருக்குள் இருக்கிற சுக்கான் பலகையைத் திருப்புவதற்கு. கரையில் மோதிவிடுவோமோ என்று பயந்து, நான் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுகிறேன். படகு அசையவே இல்லை. பாட்டி சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நின்ன மாட்டு வண்டியைத் திருப்ப முடியுமா கண்ணு? மொதல்ல ஓட்டு, அப்பறம் திருப்பு" என்றார். அதேதான்! ஓடும் தண்ணீர் சுக்கானில் மோதினால்தான் படகு திரும்பும், நின்ற படகில் சுக்கான் சும்மா இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து நாலு மிதி மிதித்தோம், கைப்பிடியை லேசாகத் தொட்டேன், படகு அழகாகத் திரும்பியது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! நடு ஏரி வரை போய், வேண்டுமென்றே இரண்டு வட்டம் போட்டோம். பெடல் படகு ஏறப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பயந்தால் மிதிப்பதை நிறுத்தாதீர்கள், மெதுவாகவாவது மிதித்துக்கொண்டே திருப்புங்கள்.

திரும்பி வரும்போது பாட்டி தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே கேட்டார்: "இம்புட்டு மழை பேயுதே, இந்தத் தண்ணி ரொம்பினா எங்க கண்ணு போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏற்காட்டில் மூன்று வீடியோ எடுத்திருக்கிறேன், ஒருமுறைகூட இதை நான் யோசித்ததில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் பாட்டி" என்றேன். இறங்கியதும் அவர்கள் குடும்பம் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

பஜ்ஜிக் கடை அக்காவிடம் கேட்டேன். அங்கே மிளகாய் பஜ்ஜி சூடாகச் சாப்பிட்டதையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் குளிருக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. அவர் சாதாரணமாகச் சொன்னார், "கிளியூருக்குத்தான் போகுது."

கிளியூர் அருவி! இரண்டு வருடம் முன்பு கோடையில் போய், வெறும் பாறையைக் காட்டி உங்களிடம் புலம்பினேனே, அதேதான். ஏரி நிரம்பி வழிகிற உபரி நீர்தான் அங்கே அருவியாக விழுகிறது. கோடையில் ஏரி வழியாது, அருவியும் வராது. இது தெரியாமல் அன்றைக்கு அருவியைக் குறை சொல்லியிருக்கிறேன். இப்போது அக்டோபர், மழைக்காலம், ஏரி நிறைந்து கிடக்கிறது. உடனே நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர்.

வழியில் காபித் தோட்டங்கள். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, அதன் கீழே காபிச் செடிகளில் காய் இன்னும் பச்சையாக இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். முன்பே ஒரு வீடியோவில் சொன்னதுதான், புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

கடைசியில் படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. பாசி பிடித்து வழுக்குகிறது, செருப்பில் போகாதீர்கள். மழை பெய்துகொண்டிருந்தால் இறங்கவே வேண்டாம், தண்ணீர் சட்டென்று கூடிவிடும். பாதிப் படியிலேயே இரைச்சல் கேட்டது. கடைசித் திருப்பத்தில் பார்த்தால், ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து பாறையில் மோதி மோதி விழுகிறது. சாரல் முகத்தில் அடித்தது, லென்ஸைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். காலையில் சத்தமே இல்லாமல் பனிக்குள் கிடந்த அந்த ஏரியின் தண்ணீர் இது என்று நம்பவே முடியவில்லை.

பாட்டி, உங்கள் பேரன் செல்போனில் என்னென்னவோ பார்ப்பான் என்று சொன்னீர்கள். அவன் கண்ணில் இந்த வீடியோ பட்டால் உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும். நீங்கள் கையை விட்ட அந்தத் தண்ணீர் இங்கேதான் வருகிறது. இதோ, சத்தத்தைக் கேளுங்கள்.