ஆறுமணிக்குருவியும் ஒரு துண்டுக் காடும்

நேயர்களுக்கு வணக்கம்.

நகரத்தை ஒட்டி ஒரு துண்டுக் காடு. மூன்று பக்கம் வீடுகள், ஒரு பக்கம் பெரிய சாலை. அதற்குள் எத்தனை வகைப் பறவைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் பல வருஷமாக என் வேலை. ஒரு பறவையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறுமணிக்குருவி. பேரிலேயே நேரம் இருக்கிறது பாருங்கள்! வடக்கேயும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தில் தெற்கே இலங்கை வரைக்கும் வருகிற பறவை. விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான் அதிகம் கூப்பிடும். நான் ஒரு குளிர்காலம் முழுக்க ஏழு மணிக்கு மேல்தான் காட்டுக்குள் போனேன். என் நோட்டில் அது ஒரு தடவைகூட இல்லை. ஒரு நாள் இருட்டோடு போய் உட்கார்ந்தேன். சரியாக வெளிச்சம் பிரிகிற நேரம், இரண்டு சுரமாக ஒரு சீழ்க்கை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. அசையாமல் இருந்தேன். பத்தடி தூரத்தில் சருகு புரளுகிற சத்தம். பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குக் குட்டை வால். அலகால் ஒரு சருகைத் தூக்கிப் போட்டது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, அடுத்த சருகுக்குத் தாவியது. அத்தனை மாதமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

நம் கண்ணில் படவில்லை என்பது வேறு, காட்டில் இல்லை என்பது வேறு. கணக்கெடுப்பில் முக்கால்வாசி இதுதான்.

அதனால்தான் ஒரே இடத்தில் நின்று, பத்து நிமிஷம் என்றால் பத்தே நிமிஷம், கேட்டதையும் பார்த்ததையும் எழுதுகிறோம். திரும்பத் திரும்ப அதே இடம், அதே நேரம். அடர்ந்த காட்டில் கண்ணைவிடக் காதுதான் உதவும். குக்குறுவான் உச்சியில் எங்கோ இருந்தாலும், செம்போத்து புதருக்குள் மறைந்திருந்தாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். துடுப்புவால் கரிச்சான் மட்டும் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும். அதை நம்பி இன்னொரு பறவையின் பேரை எழுதிவிடக் கூடாது. சாலை இரைச்சலில் தாழ்ந்த குரல்கள் அமுங்கிப்போகும். எனவே சாலையோரத்தில் கிடைக்கிற எண்ணிக்கையையும் நடுக்காட்டில் கிடைப்பதையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு? ஜாவாத் தீவில் போகோர் நகரத்துத் தாவரவியல் பூங்காவைப் பாருங்கள். 86 ஹெக்டேர். 1936 வாக்கில் சுற்றியிருந்த மரக்காடு அழிந்து, பூங்கா தனித்துப்போனது. 1932க்கும் 1952க்கும் இடையில் அங்கே 62 இனங்கள் கூடு கட்டிவந்தன. 1980 முதல் 1985 வரை திரும்பப் பார்த்தபோது அவற்றில் 20 இனங்கள் இல்லை. இன்னும் நான்கு, போகிற நிலையில். பூங்காவுக்கு வெளியே சுற்றுவட்டாரத்தில் இல்லாத இனங்கள்தான் பெரும்பாலும் போயின. எண்ணிக்கை குறைந்தால் வெளியிலிருந்து வந்து சேர அதே இனத்துப் பறவைகள் இல்லையே. பழைய பட்டியலை அன்று யாரோ பொறுமையாக எழுதி வைத்ததால்தான் இன்று இது நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் போனதுகூடத் தெரியாமல் போயிருக்கும். ஆகவே மைனாவையும் தவிட்டுக்குருவியையும்கூட எண்ணி எழுதுங்கள்; பேர் மட்டும் போதாது, எத்தனை என்றும் எழுதுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இரவுப் பறவைகளைப் பற்றியும், மரத்தில் கட்டிவைக்கிற ஒலிப்பதிவுக் கருவி பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: அந்தக் கருவி ஆந்தையையும் பக்கியையும் நாம் தூங்கும்போது பிடித்துத் தரும், ஆனால் குரல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும். வணக்கம்.