வழுக்கல் செய்யும் வேலை

வணக்கம் நேயர்களே. கிணற்றடி வாய்க்காலை நாலு நாள் தேய்க்காமல் விட்டால், வழுவழுவென்று ஒரு படலம் காலில் தட்டுப்படும். எங்கள் அம்மா அதைக் கண்டால் தும்புத்தடியோடுதான் வருவார். ஆனால் கழிவுநீர் நிலையங்களில் அந்த வழுக்கலைக் காசு செலவழித்து வளர்க்கிறார்கள்.

அது பற்றீரியாக்களின் குடியிருப்பு. நீரில் தனியே மிதந்தால் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் கல்லிலோ மணலிலோ ஒட்டி, பசை சுரந்து, அதற்குள்ளேயே வாழ்கின்றன. உயிர்ப்படலம் என்பது இதைத்தான். மெல்லிய படலம், ஆனால் உள்ளே இரண்டு உலகம். மேலே ஒட்சிசன் கிடைக்கும். அங்குள்ளவை கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரேற்று என்ற, நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த உப்பாக்கும். அடியில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அங்குள்ளவை நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை வைத்தே சுவாசிக்கும். மிஞ்சும் நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதானே, பயமில்லை.

நைத்திரேற்று எங்களுக்குப் புதுச் சொல் இல்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும் மலக்குழி ஊறலும் சுண்ணக்கல் வெடிப்பு வழியே கிணற்றுக்கு வருகின்றன. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டு. கூடினால் பால்குடிக் குழந்தையின் இரத்தத்தால் ஒட்சிசனைச் சரியாகச் சுமக்க முடியாது, உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

மண்ணிலும் இதே பற்றீரியாக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். சரி, இருக்கின்றன. ஆனால் எங்கள் செம்மண் பல இடங்களில் மெல்லிய போர்வைதான், கீழே வெடித்த கல். படலம் வேலையைத் தொடங்குமுன் தண்ணீர் இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தை நாங்கள்தான் தொட்டி கட்டிக் கொடுக்க வேண்டும்.

நோர்வேயில் 1980களின் பிற்பகுதியில் சிறு பிளாஸ்ரிக் துண்டுகளைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு அவற்றில் படலம் வளர்த்தார்கள். எனக்கு நெடுநாளாக ஒரு யோசனை: எங்கள் ஊருக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை போதாதா? மலக்குழியிலிருந்து வழியும் நீர் அடி பூசிய இரண்டு தொட்டிகளைத் தாண்டட்டும். முதலாவதில் கல்லின்மேல் காற்றுப்படச் சொட்ட வேண்டும். அடுத்ததில் பொச்சு மூழ்கிக் கிடக்கும். உள்ளே ஒட்சிசன் குறையும், உக்கும் பொச்சே பற்றீரியாவுக்குக் காபன் உணவு. செய்து, அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

எல்லாவற்றையும் இது தின்றுவிடாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் உண்டு, மெதுவாகச் செய்யும். ஈயம் போன்ற உலோகமென்றால் பசையில் ஒட்டவைக்கலாம், அழிக்க முடியாது. அப்புறம் அந்தச் சேற்றை எங்கே போடுவது என்பது வேறு தலையிடி.

தொட்டி கட்டுகிறவர்களுக்கு ஒன்று. படலம் பிடிக்கச் சில வாரம் செல்லும். அதுவரை மலசலகூடத்துக்கு ஊற்றும் குளோறீனைக் குறையுங்கள், அது பற்றீரியாக்களைக் கொன்றுவிடும். பிடித்த பிறகும்தான்.