சிலிண்டர் யாருக்குச் சொந்தம்?

(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளிடம் பேசியதிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குளிரில் டீ குடிக்காமல் யாரும் கிளம்பியிருக்க மாட்டீர்கள். அந்த டீயைக் கொதிக்க வைத்த சிலிண்டர் யாருடையது? "பணம் கட்டி வாங்கினது, எங்களுடையதுதான்" என்கிறார் முன்வரிசை அம்மா. இல்லைம்மா, நீங்கள் கட்டியது டெபாசிட். உங்களுக்கு விற்றது உள்ளே இருக்கிற 14.2 கிலோ கேஸ் மட்டும். சிலிண்டர் என்கிற அந்த இரும்பு, கேஸ் கம்பெனியுடையது.

வீட்டுக்குப் போனதும் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் பாருங்கள். 'பி-28' என்கிற மாதிரி எழுதியிருக்கும். 'பி' என்றால் வருடத்தின் இரண்டாவது மூன்று மாதம். அதாவது, 2028 ஜூன் முடிவதற்குள் அது சோதனைக்குப் போயாக வேண்டும் என்று அர்த்தம். வால்வு தேய்ந்தாலும் பெயிண்ட் உரிந்தாலும் தலைவலி கம்பெனிக்குத்தான். நம் ஊர்ப் படிக்கட்டுகளில் தோளிலேறி, உருண்டு, அடிபட்டும் அது வருடக்கணக்கில் உழைப்பது அதனால்தான். மிக்சி அப்படியா? அது கெட்டால் கடைக்காரருக்கு இன்னொன்று விற்கும்!

சிலிண்டர் மாதிரியே விளக்கிலும் செய்திருக்கிறார்கள். 2015இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையம் பிலிப்ஸிடம் விளக்கை வாங்கவில்லை, வெளிச்சத்தை வாங்கியது. விளக்கு பிலிப்ஸுக்கே சொந்தம். கெட்ட பாகத்தை மட்டும் கழற்றி மாற்றும்படி அவர்களே அதை வடிவமைத்தார்கள்.

நம் மாவட்டத்தில் 2022 மே மாதம் வந்த டாஸ்மாக் பத்து ரூபாய்த் திட்டமும் இதுதானே என்று கேட்பீர்கள். பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுப்பார்களே, அதுதான். காட்டில் யானையின் காலைக் கிழிக்கிற பாட்டில் திரும்பி வருவது நல்ல காரியம். ஆனால் அங்கே பாட்டிலை வரவழைப்பது நம் பத்து ரூபாய். பழைய கோலி சோடாக்காரரோ தன் பாட்டிலைத் தானே எண்ணி வாங்கிப் போவார். ஒன்று குறைந்தால் சண்டைக்கே வந்துவிடுவார்.

சரி, நம் கதைக்கு வருவோம். போன சீசனில் என் இலை பறிக்கும் மெஷின் கோயம்புத்தூருக்கு ரிப்பேருக்குப் போய் 18 நாள் கழித்து வந்தது. அதற்குள் இலை முற்றிவிட்டது. அதே மெஷினை வாடகைக்குத் தருகிறோம் என்று யாராவது வந்தால், மாதத்துக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். மெஷின் மூலையில் கிடந்தாலும் அந்த வாடகை ஓடும். பறித்த கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். 1962இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிட்லி கம்பெனி விமான இஞ்சின் பராமரிப்புக்குப் பறந்த மணிக்கணக்கில்தான் பணம் வாங்கியது. பறக்காத மணிக்குக் காசில்லை.

பிளேடு யார் செலவு என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். அண்ணா, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கல்லில் பட்டு உடைந்தால் நம் செலவு, தேய்ந்தால் அவர்கள் செலவு. அப்படி எழுதி வாங்குங்கள்.