மல்லாரி கட்டுவது

வணக்கம். சாமி புறப்பாட்டின்போது கோயில் வாசலில் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்குமே, அந்த மல்லாரியைப் பற்றித்தான் பேச வந்தேன். சாகித்யம், அதாவது பாட்டு வரி, இல்லாத மெட்டு. ராகம் பெரும்பாலும் கம்பீரநாட்டை. புதிதாக ஒன்று கட்ட எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார்கள். மெட்டுப் போட ஒரு சாயங்காலம் போதும். அது மல்லாரியாக நாலைந்து உற்சவம் ஆகும். பெரிய உற்சவமோ வருஷத்துக்கு ஒன்று!

ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, தாளம் ஒரு சுற்று வருகிற ஆவர்த்தனத்துக்கு 32. ஸ்வரத்துக்கு இப்போது போக வேண்டாம், தாளச் சொற்களால் தத்தகாரமாகவே சொல்லிப் பார்க்கலாம். முடிவில் ‘தகதகிட’ மூன்று தரம், இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி. மூவைந்து பதினைந்து, கார்வை நாலு, ஆக 19. முன்னால் மிச்சம் 13. தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல் முடிந்து, நடுவிரலில் ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால்தான் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழும். அந்த ஒரு மாத்திரையில்தான் முதல் வருஷம் தவில்காரர் இடறுவார். அவர் மேல் தப்பில்லை. முன்வரி இடைவெளியே இல்லாமல் ஓடினால், எடுப்பை, அதாவது ‘தகதகிட’ தொடங்கும் இடத்தை, அவர் எங்கே பிடிப்பார்? அந்த இடத்தில் நாலு ஸ்வரத்தை நீக்கிவிட்டுப் பஞ்சமத்தில் நிற்க வேண்டும். அடுத்த வருஷம் தவில் தானாக வந்து சேரும்.

பிறகு காலம், அதாவது வேகம். தாளத்தை மாற்றாமல் இதே 32-ஐக் கீழ்க்காலத்தில் இரண்டு ஆவர்த்தனமாக வாசிக்க வேண்டும். மேல்காலத்தில் அரை ஆவர்த்தனம்தான், இரண்டு தரம் வாசித்தால் சமம். மும்மூன்றாகப் பிரிக்கிற திஸ்ரத்தில் எண்ணிக்கைக்கு ஆறு என்றால் ஆவர்த்தனத்துக்கு 48. மூன்று தரம் வாசித்தால் 96, இரண்டு ஆவர்த்தனத்தில் சரியாகிவிடும். கணக்கு இப்படி உட்கார்ந்துவிடும், விரல்தான் உட்காராது. கம்பீரநாட்டையில் காந்தாரமும் மத்திமமும் ஒட்டி இருப்பவை. நிஷாதமும் மேல் ஷட்ஜமும் அப்படித்தான். ‘கமகம’, ‘நிசநிச’ என்று போட்டால் கீழ்க்காலத்தில் குழைந்து வரும், மேல்காலத்தில் ஈ மொய்க்கிற மாதிரி ஆகிவிடும். அதையெல்லாம் ‘கப’, ‘பச’ என்று தாண்டுகிற பிடிகளாக மாற்ற வேண்டும்.

உதட்டில் வைத்து ஊதுகிற சீவாளியைச் சொல்லாமல் விட முடியாது. கொறுக்கை என்கிற நாணல் தட்டையில் செய்வது அது, உதட்டு ஈரத்தில் ஊறினால்தான் பேசும். நாகஸ்வரத்தில் கொத்தாக நாலைந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அழகுக்கு அல்ல. இரவுக் காற்றில் ஒன்று காய்ந்து விறைக்கும், ஒன்று ஊறித் தளர்ந்துவிடும், மாற்றிக்கொண்டே போக வேண்டும். மல்லாரியோ வாசிப்பின் தொடக்கத்தில் வருவது, சீவாளி இன்னும் பதத்துக்கு வந்திருக்காது. அதனால் முதல் வரியை மேல்ஸ்தாயியில் எடுக்காதீர்கள். வீட்டில் கட்டும்போது இது தெரியாது, வாசலில் நிற்கும்போதுதான் தெரியும்.

தேர் மல்லாரி, நைவேத்தியம் எடுத்துவரும்போது வாசிக்கிற தளிகை மல்லாரி, இவற்றைக் கட்டுவதைப் பற்றியும் பேசத்தான் குறிப்பு வைத்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.