செட்டிநாட்டுத் தேக்குத் தூணுக்கும் ஈரான் பெட்ரோலுக்கும் என்ன உறவு?

[காட்சி: கானாடுகாத்தான். ஒரு வளவு வீட்டின் முகப்பு. கேமரா தேக்குத் தூணை ஒட்டி மெல்ல மேலே ஏறுகிறது.]

இந்தத் தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிறேன். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை. அசல் பர்மாத் தேக்கு. இது எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததோ, அதே நாட்டில் எண்ணெய் விற்றுச் சேர்த்த பணத்தில்தான் இன்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பி.பி. பெட்ரோல் நிறுவனம் பிறந்தது. அந்த நிறுவனத்தின் சொத்து யாருக்கு என்ற சண்டையில்தான் 1953இல் ஈரானில் ஓர் ஆட்சியே கவிழ்க்கப்பட்டது. நம்ப முடியவில்லையா? பத்து நிமிடம் கொடுங்கள். வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள், கிணறு வரும் இடத்தைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

தெரிந்த கதையைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனார்கள். நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்கள் வசம். 1942இல் ஜப்பான் படை வந்தது, எல்லாம் போயிற்று. அவ்வளவுதான்.

[காட்சி: ஐராவதி ஆற்றின் வரைபடம். ஏனாங்யவுங்கில் ஒரு புள்ளி.]

இப்போது கிணறு. ஐராவதிக் கரையில் ஏனாங்யவுங் என்று ஓர் ஊர். வெள்ளைக்காரன் துளையிடும் எந்திரத்தோடு வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே மண்வெட்டியால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உரிமை 24 குடும்பங்களுக்கு மட்டும், பரம்பரையாக. நம் ஊரில் ஒன்பது கோயில் என்று பங்காளிக் கணக்கு வைத்திருக்கிறோமே, அதே கறார்!

தோண்டுகிறவரைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். உள்ளே வாயு. ஒரேயடியாகச் சில நிமிடங்களுக்கு மேல் இருந்தால் மயக்கம்தான். மேலே இழுத்துப் போட்டு, மூச்சு வாங்கவிட்டு, அடுத்த ஆளை இறக்க வேண்டும். விளக்கு கொண்டுபோக முடியாது, கிணறே வெடித்துவிடும். அதனால் இறங்குவதற்கு முன்பே கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று. அடியில் போனதும் கட்டை அவிழ்த்தால் நேரத்தை வீணாக்காமல் வெட்டலாம். பிற்காலத்தில் மேலே நின்று கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடித்திருக்கிறார்கள். எண்ணெய் வரலாறு என்றால் எல்லோரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859இல் தோண்டிய கிணற்றைக் காட்டுகிறார்கள். எனக்கு இந்தக் கண்கட்டுக்காரர்கள்தான் பெரிய ஆட்கள். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

1886இல் கிளாஸ்கோவில் பர்மா ஆயில் கம்பெனி உருவானது. எந்திரம் வந்தது, ரங்கூன் பக்கம் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அங்கே காய்ச்சிய மண்ணெண்ணெய்க்குப் பெரிய சந்தை எது? நாம்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் சீமையெண்ணெய் என்று சொன்னது இதைத்தான். தீர்ந்த டின்னையும் விடவில்லை, வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்துத் தண்ணீர் சுமந்தோம்.

இந்தக் கம்பெனியிடம் பணம் சேர்ந்த நேரத்தில், டார்சி என்ற பிரிட்டிஷ் பணக்காரர் பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், எண்ணெய் தேடித் தேடிக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். அந்நாட்டு மன்னர் ஷாவிடம் 1901இல் உரிமம் வாங்கியவர், எண்ணெயைத்தான் காணோம். 1905இல் பர்மா ஆயில் கைகொடுத்தது. அதற்கும் பொறுமை போய், 'போதும், நிறுத்து' என்று முடிவெடுத்த சமயத்தில், 1908 மே 26 விடியற்காலையில், மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டு ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் கம்பெனி. இன்றைய பி.பி.யின் அப்பன் அதுதான். பாட்டன், பர்மா ஆயில்.

இங்கேதான் அரசாங்கம் உள்ளே நுழைகிறது. பிரிட்டனின் போர்க்கப்பல்கள் அதுவரை பெரும்பாலும் நிலக்கரியில் ஓடின; வேல்ஸில் நல்ல கரி கொட்டிக் கிடந்தது. ஆனால் எண்ணெயில் ஓடினால் வேகம் கூடும், கரி அள்ளிப்போட ஆள் கூட்டம் வேண்டாம், நடுக்கடலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் எண்ணெய்ப் பக்கம் நின்றார். ஒரே சிக்கல், பிரிட்டனில் எண்ணெய் இல்லை. ஆகவே 1914இல் அரசாங்கமே அந்தக் கம்பெனியில் 51 சதவீதப் பங்கை வாங்கியது. சொந்த மண்ணில் இல்லாத பொருளை நம்பிப் படையை ஓட்ட முடிவு செய்த அன்றே, அடுத்தவன் நாட்டு அரசியல் உன் வீட்டு விவகாரம் ஆகிவிடுகிறது. இன்று டெல்லியானாலும் பெய்ஜிங் ஆனாலும் இதே கதைதான்.

[காட்சி: சென்னை துறைமுகம், இரவு.]

அதே 1914, செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. குறி எது தெரியுமா? துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள். பற்றி எரிந்தன, சென்னையில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், எண்ணெயைக் கொளுத்திய எம்டன் ஓடியது நிலக்கரியில். வங்கக் கடல் முழுக்கக் கரிக்கப்பல் தேடி அலைந்த ஆள் அது!

பிறகு நடந்ததை ஓட்டமாகச் சொல்கிறேன். 1951இல் ஈரானின் பிரதமர் மொசாதேக், இந்தக் கம்பெனியின் கையில் இருந்த எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டன் அவர் எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன.

நம் பக்கம் வருவோம். இந்தியா கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியில் வாங்குகிறது. 1990இல் குவைத் போர் மூண்டு விலை ஏறியதும் அன்னியச் செலாவணி வற்றி, அடுத்த ஆண்டு தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளிடம் அடகு வைத்தோம். அடகுக் கணக்கு செட்டிநாட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019இல் அமெரிக்கத் தடையால் ஈரான் எண்ணெயை நிறுத்தினோம். 2022க்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், உக்ரைன் போருக்குப் பின் தள்ளுபடி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்குக் கூடுதல் வரி போட, மொத்தம் 50 சதவீதம் ஆனது. எண்ணெய் வாங்கியது குஜராத்தின் ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலை. அடி விழுந்தது திருப்பூர் பனியனுக்கு. இதில் நியாயம் தேடாதீர்கள்.

[காட்சி: மணமேல்குடி கடற்கரை.]

காரைக்குடியில் கடல் இல்லை என்று நினைக்காதீர்கள். கிழக்கே வண்டியை விட்டால் பாக் நீரிணை. ஆழம் குறைவு என்பதால் பெரிய டேங்கர் கப்பல்கள் அதற்குள் வருவதில்லை, இலங்கையைத் தெற்கே சுற்றித்தான் போகின்றன. 2020 செப்டம்பரில் அப்படிப் போன நியூ டயமண்ட் என்ற டேங்கர் இலங்கைக்குக் கிழக்கே தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்துக்கு, வயிற்றில் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய். ஒரு மாலுமி இறந்தார். இந்தியக் கடலோரக் காவல்படையும் மற்றவர்களும் நாள்கணக்கில் போராடி அணைத்தார்கள்; சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால்?

அதற்கு எண்ணூரைப் பாருங்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்தது இதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. அதையே வாளியாலும் கையாலும் அள்ளினோம். முழங்கை வரை கரிய கூழ் அப்பிய மாணவர்களின் படங்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் மறுபடியும் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. படகிலும் வலையிலும் படலம், கூழைக்கடாவின் இறக்கையிலும் படலம்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரம் 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. கடல்பசு மேய்வது கடல்புல்லை. மூச்சுவிட மேலே வரும். எண்ணெய்ப் படலம் மிதப்பதும் மேலேதான். கரையோர ஊர்களில் கசிவு வந்தால் யார், எதைக் கொண்டு, எந்த மணி நேரத்துக்குள் தடுப்பு மிதவை கட்டுவது என்று மீனவருக்குப் பயிற்சி கொடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். வாளி போதாது.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டிப் பக்கமிருந்து பார்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கரையில் தார் உருண்டை ஒதுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எந்த மாதம், எந்தக் காற்றில் என்று எழுதுங்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான். சந்தா பொத்தான் கீழே இருக்கிறது.