பியானோ சொல்லிக்கொடுத்த மனிதர்

(எங்கள் இசை கேட்கும் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் திருத்தியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாடியில், இதே ஆடுகிற மைக்கைப் பிடித்துக்கொண்டு, பில் ஃபே என்ற ஆங்கிலேயப் பாடகரைப் பற்றிப் பேசினேன். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறீர்கள், தப்பிக்க வழியில்லை. 'இரண்டு இசைத்தட்டு போட்டார், யாரும் வாங்கவில்லை, கம்பெனி கைகழுவிவிட்டது, மனசு விட்டுப்போய் இசையையே துறந்தார், நாற்பது வருடம் இருட்டில் கிடந்தார்' என்று உருகி உருகிச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

போன மாதம் அவருடைய பேட்டி ஒன்றைக் கேட்டோம். மனிதர் பேட்டி கொடுத்ததே அபூர்வம். குரல் அவ்வளவு சன்னம், ஃபேனை அணைத்தால்தான் காதில் விழுந்தது. வேர்த்துக் கொட்டக் கொட்டக் கேட்டோம். முடிந்ததும் நம் பெரியவர் ஒருவர் (பெயர் சொன்னால் திட்டுவார்) என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, நீ சொன்ன ஆள் வேற, இவர் வேற ஆள் மாதிரி இருக்காரே?" என்றார். அந்தக் கேள்விதான் என்னை இன்றைக்கு மறுபடி இங்கே நிறுத்தியிருக்கிறது.

சரி, புதிதாக வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943இல் வடக்கு லண்டனில் பிறந்தவர். வேல்ஸில் பாங்கர் என்ற ஊரில் மின்னணுவியல் படிக்கப் போனார். அங்கேதான் பியானோவிலும் ஹார்மோனியத்திலும் உட்கார்ந்து பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். 1967இல் டெக்கா நிறுவனத்தின் கிளையான டெரமில் முதல் சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு, வந்தது. தயாரித்தவர் பீட்டர் ஈடன். 1970இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு ஆல்பம், 1971இல் இன்னொன்று. அதற்கப்புறம் கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அடுத்து அவர் ஸ்டுடியோவில் புதிதாகப் பதிந்த முழு ஆல்பம் கடைக்கு வந்தது 2012இல். நடுவில் 41 வருடம்.

இந்த 41 என்ற எண்தான் எங்களைப் போன்ற ரசிகர்களின் தலையைத் திருப்பிவிட்டது. எண் பெரிதாக இருந்தால் உள்ளே ஒரு சோகம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதல் ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மைக் கிப்ஸ் என்ற ஜாஸ் இசையமைப்பாளர் அதற்குப் பெரிய வாத்தியக் குழுவை வைத்துப் பின்னணி அமைத்திருக்கிறார். அது அருமை என்பவர்கள் இங்கேயே நாலு பேர் இருக்கிறீர்கள். எனக்குச் சில இடங்களில், பாட வந்த பையனைத் தள்ளிவிட்டுக் கல்யாண வீட்டு பேண்டு முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். இருக்கட்டும், அது என் காது. ஆனால் முதல் பாட்டு, 'கார்டன் சாங்', அதை யாராலும் அமுக்க முடியவில்லை. தோட்டத்தில் உருளைக்கிழங்குப் பாத்திக்கும் பார்ஸ்லி கீரைக்கும் நடுவே என்னையே நட்டுக்கொள்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். விதையை நடவில்லை, தன்னையே நடுகிறார். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பையன், முதல் ஆல்பம், முதல் வரி. இந்தத் தோட்டத்தை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

இரண்டாவது ஆல்பம் வேறு உலகம். தலைப்பே 'கடைசித் துன்புறுத்தலின் காலம்' என்கிற மாதிரி அர்த்தம் வரும். பழைய புத்தகமாக வாங்கிய பைபிள் விளக்க உரை ஒன்று, தானியேல் ஆகமமும் வெளிப்படுத்தின விசேஷமும் பற்றியது, அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்த நேரம். 1970 மே 4 அன்று அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போருக்கு எதிராகப் போராடிய கூட்டத்தின் மேல் தேசியக் காவல் படை சுட்டு, நான்கு மாணவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி கேட்ட கையோடு எழுதியது தலைப்புப் பாட்டு. ரே ரஸ்ஸலின் கிடார் அதில் வாசிக்கவில்லை, கிழிக்கிறது. பின்னால் ஆலன் ரஷ்டனின் டிரம்ஸ். ராத்திரியில் தனியாகக் கேட்கிற பாட்டு இல்லை, சொல்லிவிட்டேன்.

இனி அட்டைப்படம். எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பம். தாடி மீசையோடு, ஒடுங்கிய முகத்தோடு ஒரு படம். முதல் ஆல்பத்து அட்டையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு வருடத்தில் இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். உள்ளே பாட்டும் உலகம் முடியப்போவதைப் பற்றி. அதற்கப்புறம் ஆளும் காணோம். போதாதா? போதை, புத்தி பேதலித்துவிட்டது, ஊரை விட்டே ஓடிவிட்டார் என்று ஆளாளுக்குக் கட்டிவிட்டார்கள். உண்மையில் அவர் தாடி வைத்திருந்தார், அவ்வளவுதான். நம் வீட்டில் யாராவது ஒரு வாரம் சவரம் செய்யாமல் இருந்தால், தெரு முழுக்க 'காதல் தோல்வியா?' என்று கேட்கிறதே, அதே கதை.

அந்த 41 வருடம் அவர் என்ன செய்தார்? வேலைக்குப் போனார். பழத்தோட்டத்தில் பழம் பறித்தார். பூங்காவைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்து பியானோவில் உட்கார்ந்தார். பாட்டு எழுதுவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. எழுபதுகளின் கடைசியில் சில இளைஞர்கள் அவரோடு சேர்ந்து வாசித்து, 1978க்கும் 1981க்கும் நடுவே ஒரு ஆல்பமே பதிந்தார்கள். எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளவில்லை. டேவிட் டிபெட் என்ற இசைக்கலைஞரின் முயற்சியால் அது 2005இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆக, இசையைத் துறந்தார் என்று நான் சொன்னது பச்சைப் பொய். இதைப் பற்றி அவர் ஒரு தடவை சொன்னதன் சாரம்: நான் இசைத்தொழிலை விட்டுப் போகவில்லை, அதுதான் என்னை விட்டுவிட்டுப் போனது. சொல்லும்போது கோபமில்லை. பஸ் போய்விட்டது என்கிற மாதிரி ஒரு தகவல்.

நாம் கேட்ட பேட்டியிலும், 2012 வாக்கில் அவர் கொடுத்த வேறு ஒன்றிரண்டிலும் ஒரு சம்பவம் வருகிறது. அதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆண்டு 1998. மனிதர் தோட்ட வேலை செய்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் கேசட் ஓடுகிறது, அவருடைய சொந்தப் பாட்டுகள்தான். பரவாயில்லையே, சுமாராக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை இனிமேல் யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைக்கிறார். அன்று சாயங்காலம் போன் வருகிறது. பேசியவர் ஒரு இசைப் பத்திரிகையாளர். உங்கள் இரண்டு ஆல்பமும் மறுவெளியீடாக வருகிறதே, தெரியுமா என்கிறார்.

தெரியாது. அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த நாள் வரை, தன்னைப் பொறுத்தவரை, தான் 'டிலீட்' ஆகிவிட்ட ஆள் என்றார். இசைத்தட்டு வியாபாரத்தில் அது சாதாரண வார்த்தை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், இனி அச்சிடப்போவதில்லை என்றால், அந்தத் தட்டு டிலீட். தட்டுக்குச் சொல்கிற வார்த்தையைத் தனக்கே சொல்லிக்கொண்டார். அந்த போனைப் பற்றிப் பேசும்போது, அதிர்ச்சி என்ற சொல் போதாது, அது நடந்ததை இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை என்றார். பதினான்கு வருடம் கழித்தும்.

நம் பெரியவர் போன மாதம் இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி கேட்டார். "கேசட்டை எதுக்குப் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தார்?" நாங்கள் எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டோம், அவர் கேசட்டைப் பிடித்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த ஒருவர், மண்ணைக் கொத்திக்கொண்டே தன் பாட்டைத் தானே கேட்கிறார். போன் வராமல் இருந்திருந்தாலும் அந்தக் கேசட் ஓடியிருக்கும். 'என்னையே நட்டுக்கொள்கிறேன்' என்று பாடிய பையன் இருபத்தெட்டு வருடம் கழித்துத் தோட்டத்தில்தான் இருக்கிறார். நான் இதை இருட்டு என்று சொல்லி உங்களை அழவைத்தேன்.

இன்னொன்று. பாட்டு எழுதுவதைப் பற்றி யார் கேட்டாலும் அவர் பேச்சு ஒரு தினுசாகப் போகும். 'நான் பியானோ கற்றுக்கொண்டதிலிருந்து' என்று சொல்ல மாட்டார். 'பியானோ எனக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்து' என்பார். இசை கொடுக்கிறது, நான் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அனுப்புகிறது யார் என்பார். 2015இல் வந்த ஆல்பத்துக்கு அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்துவிட்டார், 'ஹூ இஸ் த ஸெண்டர்?', அனுப்புகிறவர் யார் என்று. இங்கிலீஷில் படித்தவர்கள் இதை ஏதோ தத்துவம் என்று எழுதினார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாம் 'எனக்குப் பாட்டு வரும்', 'அவனுக்குப் பாட்டு வராது' என்றுதானே சொல்கிறோம். பாட்டு வருகிறது. எங்கிருந்தோ வருகிறது. நாம் வாசலில் நிற்கிறோம். அவர் தன் பாஷையில் சுற்றி வளைத்துச் சொன்னதை நம் பாட்டிமார் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படி நினைக்கிறவருக்கு விற்காமல் போனது ஒரு விஷயமா? விஷயம்தான். வருத்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த மாதிரி ஆகிவிடும். டிலீட் என்ற வார்த்தையைச் சொல்கிறவருக்கு வலி தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த வலி அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில்தான் இருந்தது. நான் அதைக் கூடத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டு விளக்குப் பிடித்தேன்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன், மணியாகிறது. அமெரிக்காவில் வில்கோ என்ற குழு, அதன் பாடகர் ஜெஃப் ட்வீடி, இவருடைய 'பி நாட் ஸோ ஃபியர்ஃபுல்' பாட்டை மேடைகளில் பாட ஆரம்பித்தார். 2002இல் வந்த அவர்கள் ஆவணப்படத்திலும் பாடுகிறார். நிறையப் பேருக்கு, எனக்கும்தான், பில் ஃபே என்ற பெயர் அந்த வழியாகத்தான் தெரியும். அப்புறம் ஜோஷுவா ஹென்றி என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர். சின்ன வயதில் அப்பாவின் இசைத்தட்டு அலமாரியில் ஃபேயைக் கேட்டு வளர்ந்த பையன். பெரியவனானதும் தேடிப்பிடித்து, வாருங்கள் பதியலாம் என்று கூப்பிட்டார். அப்படி வந்ததுதான் 2012இன் 'லைஃப் இஸ் பீப்பிள்'. ரே ரஸ்ஸலும் ஆலன் ரஷ்டனும் திரும்ப வந்து வாசித்தார்கள். ஒரு பாட்டில் ட்வீடியும் கூடப் பாடினார். அந்த வருடம் ஜூல்ஸ் ஹாலண்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபே பியானோவில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினார். ஊர் ஊராகக் கச்சேரி செய்ய மட்டும் கிளம்பவேயில்லை. 2020இல் இன்னொரு ஆல்பம். அதில் வாத்தியங்களைக் குறைத்து, பெரும்பாலும் பியானோவும் குரலுமாக வந்தவைதான் எனக்கு அவருடையதிலேயே பிடித்த பதிவுகள். மைக் கிப்ஸ் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 22 அன்று லண்டனில் இறந்தார். வயது 81. பார்க்கின்சன் நோய் இருந்தது. அதோடும் அடுத்த ஆல்பத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்ததாக அவருடைய கம்பெனி சொன்னது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் இங்கே அவருக்கு இரங்கல் பாடிக்கொண்டிருந்தபோது, அவர் உயிரோடு லண்டனில் இருந்தார். பியானோவில் உட்கார்ந்திருக்கக்கூட வாய்ப்பிருக்கிறது.

முன்வரிசை அக்கா இன்றைக்கும் வந்திருக்கிறார். அக்கா, அன்றைக்கு நீங்கள் அழுததற்கு நான் பொறுப்பு. இன்றைக்கு அழவேண்டாம், 'பி நாட் ஸோ ஃபியர்ஃபுல்' போடப்போகிறோம், 1970 பதிவு. இவ்வளவு பயப்படாதே என்று ஒரு பையன் நமக்குச் சொல்கிறான். தம்பி, அந்தக் கடைசி ஃபேனையும் அணைத்துவிடு.