முந்தானையால் துடைத்த நாற்காலி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உள்ளாட்சியில் பெண்களுக்குக் கிடைத்தது அதிகாரமா, வெறும் நாற்காலியா என்பது தலைப்பு. அதிகாரமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒரு வரி சொல்லிப் பலத்த கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். "கையெழுத்து அம்மாவுடையது, கை அய்யாவுடையது" என்றார். சரி, அந்தக் கையைப் பற்றியே பேசுவோம்.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தவர், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா. 2020 ஜனவரி 26, அவருக்கு முதல் கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் யார்? அக்காவின் வீட்டுக்காரர். அக்கா தீர்மான நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். தோழர் சொன்ன காட்சி அப்படியே இருந்தது. நான் மறுக்கவில்லை.

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். "கீழத்தெருக் குழாயில தண்ணி வந்து ஒன்பது நாளாச்சு. என்ன பண்ணப் போற?" வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது வந்து பெரியம்மா, மோட்டாரு..." என்று ஆரம்பித்தார்.

"உன்னை யாருப்பா கேட்டா? நான் ஓட்டுப் போட்டது அவளுக்கு. அவ சொல்லட்டும்."

கடைசி வரிசைக்கும் கேட்கட்டும், இன்னொரு தடவை சொல்கிறேன். "உன்னை யாருப்பா கேட்டா!" மரத்தடியில் ஒரு சத்தம் இல்லை. வீட்டுக்காரர் ஒரு நிமிடம் பாட்டியைப் பார்த்தார், ஒரு நிமிடம் கூட்டத்தைப் பார்த்தார். எழுந்தார். அக்கா முந்தானையால் அந்த நாற்காலியை ஒரு துடை துடைத்தார். உட்கார்ந்தார். "நாளைக்கு நானே தொட்டிக்குப் போய்ப் பாக்குறேன் பாட்டி" என்றார். போகவும் செய்தார்.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம், அந்த மோட்டாரைப் பழுதுபார்த்ததாக ஒரு பில் வந்தது. அப்போது ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. துணைத்தலைவர் போட்டாயிற்று. அக்கா பில்லில் தேதியைப் பார்த்தார். "பன்னிரண்டாம் தேதி மோட்டார் ஓடலையா? அன்னைக்குத்தானே எங்க அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. நாப்பது குடம் தண்ணி இதே குழாயிலதானே பிடிச்சோம்!" பேனாவை மூடிவிட்டார். பில் வந்த வழியே போனது.

தோழரே, கையெழுத்துதானே என்றீர்கள். ஊர்ப் பணத்தைக் காப்பாற்றியது அந்தப் போடாத கையெழுத்து. எந்த நாள் குழாயில் தண்ணீர் வந்தது என்பது குடம் தூக்கியவருக்குத்தானே நினைவிருக்கும்? அவரை நாற்காலிவரை கொண்டு வந்தது எது? தமிழ்நாட்டின் 1994 ஊராட்சிகள் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. 2016இல் அதைப் பாதியாக்கினோம். ஒதுக்கீடு இல்லாமல் தேர்தல் நடந்த சட்டமன்றத்தைப் பாருங்கள். 1927இலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் நுழைந்த மண் இது. 2021இல் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12 பேர். தானாக வரட்டும் என்று விட்டால் இவ்வளவுதான் வருகிறது.

இன்னும் சொல்ல இருக்கிறது, மணி அடித்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த முதல் கிராம சபையில் என் அம்மாவும் இருந்தார். அதற்கு முன்பெல்லாம் மரத்தடியில் ஆண்கள் கூடியிருந்தால், குடத்தோடு பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அன்று பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தார். ராத்திரி பாத்திரம் துலக்கும்போது பார்க்கிறேன், இடது கட்டைவிரலை மட்டும் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்திருக்கிறார். "என்னம்மா, காயமா?" என்றேன். விரலைத் திருப்பிக் காட்டினார். ஊதா மை.

"இருக்கட்டும்டி. இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

தீர்ப்புச் சொல்லும்போது அந்த விரலையும் நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.